பீட்டாவுக்கு ஆள் பிடித்த கதை

பன்னிரண்டு பேர் வேண்டும். பதினான்கு நாள் வேண்டும். கூகுள் ப்ளே ஸ்டோரில் தனி ஆளாக ஒரு விளையாட்டை வெளியிட நினைப்பவருக்கு இன்றைக்கு முன்னால் நிற்கும் வாசற்படி இதுதான். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், கடையில் சரக்கை வைப்பதற்கு முன்னால் வெளியாட்களிடம் கொடுத்துச் சோதித்திருக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டது. முதலில் 20 பேர் என்றார்கள். புலம்பல் அதிகமாகி 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். கம்பெனிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நான் குப்பை கொட்டும் களமசேரியில் இந்தப் பன்னிரண்டு பேருக்கு நல்ல கிராக்கி. ஒரு பக்கம் குசாட் என்று எல்லோரும் அழைக்கும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் கின்ஃப்ரா ஹைடெக் பார்க். 2012இல் ஸ்டார்ட்அப் வில்லேஜ் ஆரம்பித்தது அங்கேதான். கேரள அரசின் ஒருங்கிணைந்த ஸ்டார்ட்அப் வளாகத்தை 2019 ஜனவரியில் திறந்ததும் அங்கேதான். ஆக, விளையாட்டு எழுதும் பையன்களுக்கும் பெண்களுக்கும் குறைச்சல் இல்லை. டீக்கடையில் நின்றால் "சேட்டா, ஒரு ஆப் இன்ஸ்டால் செய்யாமோ?" என்று கேட்கிறார்கள். (அண்ணே, ஒரு ஆப் போட்டுக்க முடியுமா என்று அர்த்தம்.) முடியும் என்று சொன்னால் மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, பதினான்கு நாள் அழித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். "விளையாடிப் பாருங்கள்" என்று பலர் சொல்வதே இல்லை!

பொட்டி தட்டும் உலகத்தில் என் பிழைப்பே டெஸ்டிங்தான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்வதை இன்னொருவர் ஓசியில், அதுவும் ஆசைப்பட்டு, ஏன் செய்ய வேண்டும்? இந்த ஆள் பிடிக்கும் வழக்கம் எங்கே ஆரம்பித்தது, எப்படி இந்தப் பன்னிரண்டு பேர் சடங்காக வந்து நின்றது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

முதலில் பெயர். ஆல்ஃபா, பீட்டா இரண்டும் கிரேக்க எழுத்துகள். 1950களில் ஐபிஎம் தன் இயந்திரங்களுக்கு வைத்திருந்த 'ஏ' சோதனை, 'பி' சோதனை என்ற வழக்கத்திலிருந்து வந்த பெயர்கள் என்பார்கள். இன்றைய வழக்கில், உள்ளே இருப்பவர்கள் பார்ப்பது ஆல்ஃபா, வெளியாட்கள் பார்ப்பது பீட்டா. களமசேரியின் பழைய அடையாளமான எச்.எம்.டி. ஆலையில் ஒரு கடைசல் இயந்திரத்தைச் செய்தால், லாரியில் ஏற்றுவதற்கு முன்பே சோதித்து முடித்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆன்லைன் விளையாட்டு அப்படி இல்லை. அது வெளியே போன பிறகும் பட்டறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை. அதனால்தான் இதற்குச் சோதனையாளர்கள் ஒருமுறை தேவைப்பட்டு முடிவதில்லை, விளையாட்டு இருக்கும்வரை தேவைப்படுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். படம் கிடையாது, வெறும் எழுத்து. 1980இல் அதை ரிச்சர்ட் பார்ட்டில் ஏற்றுக்கொண்டார். வெளியூர்க்காரர்களும் நெட்வொர்க் வழியாக உள்ளே வர ஆரம்பித்தார்கள். பகலில் கணிப்பொறி படிப்பு வேலைக்கு வேண்டும் என்பதால் வெளியாட்களுக்கு ராத்திரி நேரம்தான். எழுதியவரும் விளையாடுகிறவர்களும் ஒரே உலகத்துக்குள் உலவினார்கள். ஒரு மாற்றம் பிடிக்கவில்லை என்றால் எழுதியவரிடமே சண்டை போடலாம். சோதனைக்கு ஆள் எடுக்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

அறிவித்து ஆள் எடுத்த பெரிய கதை அல்டிமா ஆன்லைனுடையது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரிஜின் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம். ரிச்சர்ட் கேரியட் அங்கே தனி ஆள் விளையாடும் அல்டிமா வரிசையை உருவாக்கிப் புகழ் பெற்றவர். 1992இல் அதை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் வாழும் விளையாட்டு என்று இவர்கள் சொன்னபோது மேலிடத்துக்கு நம்பிக்கை இல்லை, விற்பனைக் கணிப்பும் சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. ஒரிஜின் ஒரு காரியம் செய்தது. இணையத்தில் ஒரு பக்கம் போட்டு, இதைச் சோதிக்க வருகிறீர்களா, சிடி அனுப்புகிற செலவுக்குச் சில டாலர் கொடுங்கள் என்று கேட்டது. ஏறக்குறைய 50,000 பேர் பணம் கட்டினார்கள்.

நம்மூரில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணிகூட முன்பணம் கொடுத்துத்தான் கூட்டிப்போனார். இங்கே வேலை செய்ய வருகிறவன் காசு கொடுத்துவிட்டு வருகிறான்! (கங்காணி கொடுத்த முன்பணம் தலைமுறைக் கடனாக மாறியது வேறு கதை, மூணாறு பக்கம் போனால் இன்றைக்கும் கேட்கலாம்.) விஷயம் என்னவென்றால், இந்த 50,000 பேர்தான் மேலிடத்தின் வாயை அடைத்தார்கள். சோதனையாளர் பட்டியல் என்பது சந்தை எவ்வளவு பெரியது என்று காட்டும் காகிதமும் ஆகும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது. ஆள் பிடிப்பதும் விளம்பரம் செய்வதும் ஒன்றோடு ஒன்று கலக்க ஆரம்பித்த இடம் அது.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரிஜின்காரர்கள் அந்த உலகத்தில் ஓர் உணவுச் சங்கிலியையே கட்டியிருந்தார்கள். முயல் இருக்கும், ஓநாய் முயலைத் தின்னும், முயல் குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும் என்று அழகான திட்டம். வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர் அதைப் பற்றிப் பிறகு நிறைய எழுதியிருக்கிறார். விளையாட வந்த கூட்டம் முயல், ஓநாய், மான் எல்லாவற்றையும் கண்ட இடத்தில் வெட்டித் தள்ளியது. உயிர்கள் பெருகும் வேகத்தைவிடக் கொல்லும் வேகம் அதிகம். அந்த அமைப்பையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. அலுவலகத்துக்குள் பத்துப் பேர் வைத்து வருடக்கணக்கில் சோதித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. பத்துப் பேர் காட்டை அழிக்க முடியாது அல்லவா?

அடுத்தது இதைவிடப் பிரபலமான சம்பவம். 1997 ஆகஸ்ட் 9. பீட்டா முடியப்போகும் நேரம். சர்வர் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று பார்ப்பதற்காக எல்லோரையும் உள்ளே வரச் சொல்லியிருந்தார்கள். கேரியட் தன் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற ராஜா வேடத்தில் குடிமக்களைச் சந்திக்க வந்தார். ராஜாவுக்குச் சாகாவரம் உண்டு, ஆனால் அதை ஒரு கட்டளை போட்டு இயக்க வேண்டும். இடையில் சர்வர் படுத்து எழுந்தது. மறுபடி உள்ளே வந்த கேரியட் அந்தக் கட்டளையைப் போட மறந்துவிட்டார். கூட்டத்தில் இருந்த 'ரெயின்ஸ்' என்ற பெயர் கொண்ட ஆட்டக்காரர் நெருப்புச் சுவர் எழுப்பும் ஒரு மந்திரச் சுருளை எடுத்து ராஜா காலடியில் வீசினார். ராஜா காலி.

பக்கத்தில் இருந்த ஊழியர்கள் கோபத்தில் பூதங்களை வரவழைத்து, நின்றிருந்த அப்பாவிக் கூட்டத்தையும் போட்டுத் தள்ளினார்கள். பிறகு ரெயின்ஸை பீட்டாவிலிருந்து தடை செய்தார்கள். ராஜாவைக் கொன்றதற்காக இல்லை, முன்பே பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்லாமல் தனக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்ற புகார்களுக்காக என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. கூட்டத்துக்கு அந்த விளக்கம் செரிக்கவில்லை.

என் தொழில் கண்ணோடு பார்த்தால் இந்த விளக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு கோளாறும் இருக்கிறது. பிழையைப் பார்த்தால் சொல்லு, சுரண்டாதே என்பது சோதனைக்கு வரும்போது போடுகிற ஒப்பந்தம். அதை மீறியிருந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வருடத்தின் மிகச் சிறந்த பிழை அறிக்கையைக் கொடுத்தவர் ரெயின்ஸ்தான். சாகாவரம் என்பது ஒவ்வொரு முறையும் ஞாபகமாகப் போட வேண்டிய பொத்தானாக இருக்கக்கூடாது என்பதை அத்தனை பேர் முன்னால் நிரூபித்தார். தப்பாக விளையாடுகிறவன்தான் சோதனையாளன். ஒழுங்காக விளையாடுகிறவன் வாடிக்கையாளன். இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் கூட்டிவந்தால் இந்தக் குழப்பம் வரும்.

1997 செப்டம்பரில் விளையாட்டு வெளிவந்தது. ஓசி உழைப்பு அதோடு நிற்கவில்லை. புதியவர்களுக்கு உதவ 'கவுன்சிலர்' என்று தன்னார்வலர்களை வைத்துக்கொண்டார்கள். நேர அட்டவணை, கண்காணிப்பு எல்லாம் உண்டு, சம்பளம்தான் இல்லை. 2000இல் அவர்களில் சிலர், நாங்கள் செய்தது வேலை, கூலி கொடு என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் ஏஓஎல் நிறுவனத்தின் தன்னார்வலர்கள் போட்ட இதே மாதிரி வழக்கு 2010வரை இழுத்து, ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து முடிக்கப்பட்டது. ஆசைக்குச் செய்வதற்கும் வேலைக்குச் செய்வதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று நீதிமன்றம் வரை போய்க் கேட்டிருக்கிறார்கள் என்பதை, ஆள் பிடிக்கிற எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது பீட்டா அழைப்பு என்பது கௌரவச் சின்னமாகிவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் ஜிமெயில் அழைப்புக்கு நாம் அலைந்தோமே, அந்த மாதிரி. (ஜிமெயில் 2009 ஜூலை வரை பீட்டா என்ற பட்டையைக் கழற்றவே இல்லை.) அந்த பீட்டாவில் நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் நாள் முழுக்கக் கணினி முன்னாலேயே கிடக்கக்கூடாது என்று, தொடர்ந்து விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகும்படி வைத்திருந்தார்கள். சோதனையாளர்கள் கொதித்துவிட்டார்கள். பிளிஸார்ட் என்ன செய்தது தெரியுமா? பாதியாக இருந்ததை நூறு சதவீதம் என்றார்கள், முழுதாக இருந்ததை இருநூறு சதவீதம் என்றார்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்தால் இரட்டைப் புள்ளி! கணக்கு அதேதான், அபராதம் என்றது பரிசு ஆனது. எல்லோரும் சந்தோஷம். சோதனையாளர் சொன்னதை அப்படியே செய்யாமல், அவருக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்ட உதாரணம் இது.

சரி, புது விளையாட்டுக்கு ஆள் வருவான். ஏற்கெனவே ஓடுகிற விளையாட்டின் அப்டேட்டுக்கு? இங்கேதான் சிக்கல். பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனியாகச் சோதனை சர்வர் வைக்கின்றன. ஈவ் ஆன்லைனுக்கு 'சிங்குலாரிட்டி' என்று ஒன்று, வார்கிராஃப்டுக்குப் பொதுச் சோதனை உலகம் என்று ஒன்று. உங்கள் வீரனை நகல் எடுத்து அங்கே கொண்டுபோய் விளையாடலாம். ஆனால் அங்கே சம்பாதிப்பது எதுவும் நிஜ உலகத்துக்கு வராது. அதனால் கூட்டமும் குறைவு, வருகிறவர்கள் நடந்துகொள்வதும் வேறு மாதிரி. நஷ்டப்பட ஒன்றும் இல்லாத இடத்தில் யாரும் பயப்படுவதில்லை, பேராசைப்படுவதும் இல்லை. நிஜ உலகில் பிழையை வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் அந்தப் பயமும் பேராசையும்தான்.

2005 செப்டம்பர் 13ஐப் பாருங்கள். வார்கிராஃப்டில் ஒரு புதுக் கோட்டை திறந்தார்கள். உள்ளே இருக்கும் ஹக்கார் என்ற பூதம் சண்டையின்போது ரத்த நோய் ஒன்றைப் பரப்பும். அந்த நோய் கோட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது திட்டம். ஆட்டக்காரர்களின் வளர்ப்புப் பிராணிகளுக்கும் அது தொற்றியது. பிராணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் மறுபடி அழைத்தால் நோயோடு வந்து நின்றது. நகரங்களில் கொத்துக் கொத்தாகச் சாவு. சிலர் வைத்தியம் பார்க்க ஓடிவந்தார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். சர்வர்களை மறுதொடக்கம் செய்துதான் அடக்க முடிந்தது. எந்தச் சோதனையிலும் பிடிபடாத பிழை. 2007இல் எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மேன் இருவரும் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். தொற்றுநோய்க் காலத்தில் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்று படிக்க இது உதவும் என்றார்கள். 2020இல் அதைத் திரும்ப எடுத்துப் படித்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று 2007 டிசம்பர். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் ஈவ் ஆன்லைனுக்கு 'ட்ரினிட்டி' அப்டேட்டை வெளியிட்டது. அழகழகான புதுக் கப்பல்கள். அதை நிறுவிய சிலருடைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி மறுபடி எழுந்திருக்கவே இல்லை. விளையாட்டுக்குள் இருந்த 'பூட்.இனி' என்ற தன் சொந்தக் கோப்பை அழிக்கப் போய், கணினி எழுந்திருக்கத் தேவையான அதே பெயர்கொண்ட விண்டோஸ் கோப்பை அழித்துத் தொலைத்தது. கப்பலை எத்தனை பேர் ஓட்டிப் பார்த்தாலும் இது தெரியாது. சோதனைக்கு வருகிறவர் விளையாட வருகிறார், நிறுவும் நிரலைப் பார்க்க வருவதில்லை. அதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்ற ஒருவன் வேண்டும். கூட்டத்தைக் கூட்டிவிட்டோம், இனி டெஸ்டிங் ஆட்கள் எதற்கு என்று கேட்கும் மேனேஜர்களுக்கு நான் சொல்லும் கதை இது :-)

இதில் நம்மவர்கள் எங்கே? விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15இல்தான். ரெயின்ஸ் ராஜாவைக் கொளுத்தியபோது நாம் தொலைபேசிக் கம்பியில் மணிக்கணக்கு அளந்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தோம். 2000களின் நடுவில் லெவல் அப் நிறுவனம் ரக்னராக் ஆன்லைனைக் கொண்டுவந்தது, சென்னையின் சிஃபி 'ஏ3'யைக் கொண்டுவந்தது. ஐ-வே பிரவுசிங் சென்டர்களில் விளையாடிய தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். இரண்டுமே கொரியாவில் வெளிவந்து, பிழை திருத்தி, ஓடிக்கொண்டிருந்த சரக்கு. நம்மை வாடிக்கையாளராகத்தான் கூப்பிட்டார்கள். நம் மின்வெட்டு, நம் இணைய வேகம், நம் கைக்காசு இதெல்லாம் அந்த விளையாட்டுகள் பிறந்தபோது யார் கணக்கிலும் இல்லை. இரண்டும் இங்கே நிலைக்கவில்லை.

நம்மைச் சோதனையாளராகப் பெரிய அளவில் கூப்பிட்டது 2021இல். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. கொரியாவின் கிராஃப்டன் இந்தியாவுக்கென்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவைத் தயார் செய்தது. 2021 மே 18இல் முன்பதிவு தொடங்கி, இரண்டே வாரத்தில் 2 கோடிப் பதிவுகள் என்று அறிவித்தார்கள். ஜூன் 17 அன்று கூகுள் ப்ளேயில் சோதனையாளராகச் சேரலாம் என்று கதவைத் திறந்ததும் இடம் மளமளவென்று நிரம்பி, மேலும் மேலும் இடம் போட வேண்டியிருந்தது. ஜூலை 2 அன்று முறையான வெளியீடு.

அந்த இரண்டு வாரத்தில் முக்கியமான ஒரு கோளாறு வெளியே வந்தது. விளையாட்டு அனுப்பும் தகவல்களில் ஒரு பகுதி சீனாவில் உள்ள சர்வர்களுக்கும் போகிறது என்று ஐஜிஎன் இந்தியா செய்தி வெளியிட்டது. தடைக்குக் காரணமே தகவல் பாதுகாப்புதான் என்னும்போது இது சின்ன விஷயமா? கிராஃப்டன் சின்னதாக ஓர் அப்டேட் போட்டுச் சரிசெய்தது. துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களின் கண்ணில் இது படவில்லை. செயலி யாரோடு பேசுகிறது என்று சந்தேகப்பட்டுப் பார்த்தவர் கண்ணில்தான் பட்டது. 2022 ஜூலையில் அந்த விளையாட்டும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை அனுமதியோடு திரும்பியது. அப்போது சோதனைக்கு உள்ளானது விளையாட்டா, நிறுவனமா என்று கேட்கத் தோன்றியது.

இப்போது அந்தப் பன்னிரண்டு பேரிடம் வருவோம். கூகுளின் நோக்கம் சரியானதுதான். குப்பைச் செயலிகள் குறைய வேண்டும், வெளியாள் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கையும் நாளும் மட்டும் விதியாக எழுதப்பட்டால், மக்கள் எண்ணிக்கையையும் நாளையும் மட்டும்தான் கொண்டுவருவார்கள். உன் செயலியை நான் போடுகிறேன், என் செயலியை நீ போடு என்று மொய் எழுதும் ஏற்பாடு வந்துவிட்டது. காசுக்கு ஆள் தருகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் சிரமப்படுவது ஹாஸ்டல் அறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு விளையாட்டை எழுதிய மாணவன்தான். அவனுக்கு அத்தையும் சித்தப்பாவும் சேர்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடும். அவர்கள் யாரும் அவன் காட்டில் முயல் வேட்டையாடப் போவதில்லை.

டீக்கடையில் என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பத்துப் பேரை எப்படியாவது சேர்த்துக்கொள். மீதி இரண்டு பேரை மட்டும் தேடிப் பிடி. ஒருவர் உன்மேல் பிரியம் இல்லாதவராக இருக்கட்டும். இன்னொருவர் மலிவான ஃபோனும் மோசமான சிக்னலும் வைத்திருப்பவராக இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. எங்கே எரிச்சல் வந்தது, எங்கே ஏமாற்ற முடிந்தது என்று கேள். முடிந்தால் சாயா வாங்கிக் கொடு, விளையாட்டின் கடைசித் திரையில் பெயர் போடு. அவர்கள் செய்வதும் வேலைதான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் ரெயின்ஸ் மாதிரி அமைந்து உன் ராஜாவைக் கொளுத்திவிட்டால், கோபத்தில் அவரை வெளியே அனுப்பிவிடாதே. அடுத்த அப்டேட்டுக்கு முதல் அழைப்பை அவருக்கு அனுப்பு.